காத்திருந்து கண்ட நிறை

விண்ணியலில் முன்னேற்றம் என்றால் பெரிய தொலைநோக்கி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். செயல்துடிப்புள்ள விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளைகளுக்கு நிறை கண்ட வரலாறு அப்படி இல்லை. அங்கே பலன் தந்தவை விடாமல் பார்த்த நாட்கள். சில மண்டலங்களின் மையத்தில் நிறமாலைக் கோடுகள் மிக அகன்றிருப்பதை 1943-இல் கார்ல் சைஃபர்ட் விவரித்தார். நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வாயு ஓடினால்தான் கோடு அப்படி அகலும். ஆனால் வேகத்தோடு, அந்த வாயு சுற்றும் தூரமும் தெரிந்தால்தான் நிறை கிடைக்கும். நேரில் பார்த்து அளக்க முடியாத அளவுக்கு அந்தத் தூரம் நமக்குச் சிறுத்துத் தெரிகிறது. வழி கிரிமியாவில் பிறந்தது. மையத்தின் ஒளி கூடிச் சில வாரங்கள் கழித்தே வாயுவின் கோடு பிரகாசமாவதை 1970-களின் தொடக்கத்தில் செரெபாஷ்சுக்கும் லூத்தியும் பதிவு செய்தார்கள். ஒளி போய்ச் சேர எடுத்த நேரமே தூரம். 1982-இல் பிளாண்ட்ஃபோர்டும் மக்கீயும் இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். முதல் அளவீட்டின் பெருமை கிரிமியாவுக்கே உரியது.

1988 டிசம்பரில் தொடங்கி எட்டு மாதம், நான்கு நாளுக்கு ஒருமுறை, என்.ஜி.சி. 5548 மண்டலத்தை ஐ.யு.இ. செயற்கைக்கோள் பார்த்தது. அதன் ஆடி வெறும் 45 செ.மீ. தரையிலிருந்தும் பல தொலைநோக்கிகள் கூடவே கவனித்தன. ஹைட்ரஜன் கோடு ஏறத்தாழ 20 நாள் பிந்தியது. கார்பன் கோடு அதில் பாதி. ஹீலியம் கோடு சில நாட்களே. தாமதம் குறையக் குறையக் கோடு அகன்றது. உள்ளே இருப்பது வேகமாகச் சுற்றும் என்ற கெப்ளர் விதிக்கு இது பொருந்துவதை 1999-இல் பீட்டர்சனும் வாண்டலும் காட்டினார்கள்.

ஆனால் வாயுவின் அமைப்பு தெரியாததால், கணக்கில் ஒரு பெருக்கு எண் வேறிடத்திலிருந்து கடன் வாங்கப்படுகிறது என்பார்கள். இந்த ஆட்சேபம் நியாயமானது. தனியொரு கருந்துளையின் நிறை இரண்டு மூன்று மடங்கு பிசகலாம். அதனால் முறையே பொய்யாகிவிடாது. 2018-இல் நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளை இணைத்த கிராவிட்டி கருவி, 3சி 273 குவேசாரின் வாயு சுழல்வதை நேரடியாகக் கண்டு, அதன் ஆரம் சுமார் 145 ஒளிநாள் என்றது. கோட்டின் தாமதத்தை வைத்து எடுத்த பழைய அளவீடு அதைப்போல இரு மடங்கு சொல்லியிருந்தது. சிறிய தொலைநோக்கிகளே தோற்றன என்று தோன்றலாம். அடுத்த ஆண்டே, பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு வெளிவந்தது: சுமார் 146 நாள். பிசகியது முறையல்ல; பழைய கவனிப்பின் போதாமையே காரணம். ஆகவே, தாமதத்தை அளக்காமல் ஒரே ஒரு நிறமாலையை வைத்துத் தொலைதூரக் கருந்துளைக்குச் சொல்லப்படும் நிறையை, அதன் பிழை வரம்போடு சேர்த்தே வாசியுங்கள்.