தாது வருஷப் பஞ்சமும் அன்பின் கிரியையும்

விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்பது சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு அருமையான உபதேசம். அதன் காரணமாகவே நற்கிரியைகளைப் பற்றிப் பிரசங்கிக்க நம்மிற் சிலர் தயங்குவதுண்டு. ஆனால் விசுவாசம் செயற்படும் வழி அன்பே என்று பவுல் கலாத்தியருக்குத் தெளிவாக எழுதியுள்ளார் (5:6). அவ்வாறாயின், அன்பினின்று பிறக்கும் கிரியையை வேறு நோக்கத்தினின்று பிறக்கும் கிரியையிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? நமது வறண்ட நாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. குண்டாற்றில் மழைக்காலத்தன்றி நீர் காண்பது அரிது. கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் இந்நிலம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையுமே நம்பியிருப்பது. 1876ஆம் ஆண்டு, தாது வருஷத்தில், அம்மழை பொய்த்தது. கண்மாய்கள் வற்றின, உழவு மாடுகள் மடிந்தன, விதைக்கென வைத்திருந்த தானியமும் உணவாயிற்று. தானிய விலை ஏறியபோது துணி வாங்குவார் இன்மையால் நெசவாளர் வீடுகளிலும் அடுப்பு அணைந்தது. வறண்ட சீமைகளினின்று கூலிமக்கள் பலர் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டனர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் மாண்டோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பது பின்னர் அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு.

அரசாங்கமும் உதவி செய்யாமல் இல்லை. ஆனால் 1877இன் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியமும் சிறு காசும் போதும் என விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அவ்வளவு உண்டு கடும் உழைப்புச் செய்பவர் உயிர்வாழ இயலாது என்று வாதாடினார். அவ்வாண்டிலேயே கூலியளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. ஒருவர் சாகாதிருக்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்பது கணக்கின் கேள்வி. அவர் எழுந்து நடக்க என்ன வேண்டும் என்பது அன்பின் கேள்வி. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் அதிகம் செலவானாலும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னதை இங்கே நினைவுகூருகிறோம்.

இவ்வட்டாரத்து மண்டபசாலை, 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் நிலையங்களுள் ஒன்று. அம்மிஷனாரும் தென்னாட்டின் ஏனைய மிஷனாரும் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டனர். 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து எழுந்த வேண்டுகோளுக்கு இணங்கி இலண்டன் மேயர் திரட்டிய நிதியானது, அதிகாரிகளும் உள்ளூர்ப் பெரியோரும் மிஷனெரிமாரும் அமர்ந்த குழுக்களின் வழியாக வழங்கப்பட்டது. அநாதைகளைப் பேணுதல், ஆடையளித்தல், மாடும் விதையும் வாங்கக் குடியானவருக்கு உதவுதல் ஆகியவை அதன் நோக்கங்கள்.

பஞ்சத்தையடுத்துத் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரவர் திருச்சபையை நாடினர். மதுரைச் சீமையிலும் சபைகள் பெருகின. அப்பொழுதுதான் ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்ற வசைமொழி நம் முன்னோர்மேல் வலுவாக வீசப்பட்டது. வந்தவர்களின் நோக்கத்தை வெளியாரும் ஆராய்ந்தனர், சபையாரும் ஆராய்ந்தனர். பசித்தவன் அப்பத்தை நாடுவது குற்றமாகுமா? அப்பம் உண்டு திருப்தியடைந்ததனாலேயே ஜனங்கள் தம்மைத் தேடுகின்றனர் என்பதை நம் ஆண்டவர் அறிந்திருந்தார் (யோவான் 6:26). அதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லி, ஜீவ அப்பத்தைக் குறித்துப் போதித்தார். ஆயினும் முந்தின நாள் ஐயாயிரம் பேரைப் பந்தியமர்த்தியபோது அவர் எவருடைய நோக்கத்தையும் விசாரிக்கவில்லை.

ஆகவே, விசாரிக்கப்பட வேண்டியது பெற்றவரின் நோக்கமன்று, கொடுத்தவரின் நோக்கமே. நிவாரணக் கணக்கையும் சபையிற் சேர்ந்தோர் கணக்கையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்து மகிழும் சோதனை மிஷனெரிமாருக்கு இருந்தது, நமக்கும் இருக்கிறது. ஒருவரும் சபைக்கு வராதிருந்தாலும் அதே கஞ்சியை ஊற்றியிருப்போமா? ஆம் என்று கூற இயலுமானால் அது அன்பின் கிரியை. இயலாதாயின் அது பண்டமாற்று. சுகம்பெற்ற பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பதுபேர் திரும்பி வரவில்லை. அதற்காக அவர்கள் பெற்ற சுகம் பறிக்கப்படவுமில்லை.

நம்மைத் தாழ்த்தும் செய்தி ஒன்றும் உண்டு. அதே பஞ்சத்தில், தாசி குலத்தவரான குஞ்சரத்தம்மாள் என்பவர் தம் செல்வத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவர் நம் சபையினர் அல்லர். எந்த மிஷன் அறிக்கையும் அவரைத் தன் கனியாகக் காட்ட முடியாது. ஆயினும், பசித்தோருக்குப் போஜனங்கொடுத்தவர்கள் தாங்கள் செய்ததை அறியாமலேயே ராஜாவின் வலதுபக்கத்தில் நிற்கும் காட்சியை (மத்தேயு 25) வாசிக்கையில், அவரை நினையாமல் நம்மால் அந்த அதிகாரத்தைக் கடக்க முடியவில்லை. நற்கிரியை திருச்சபையின் தனியுடைமை அன்று. அதை நாம் ஏன் செய்கிறோம் என்பதற்குரிய சாட்சியே நமக்கு உரியது: முந்தி அன்புகூரப்பட்டோம், ஆதலால் அன்புகூருகிறோம்.

கிலவுதியு இராயனின் காலத்துப் பஞ்சத்தில் அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாக யூதேயாவிலிருந்த சகோதரருக்கு உதவி அனுப்பினர் (அப்போஸ்தலர் 11). நம் கிராமச் சபைகளிலும் ஒவ்வொரு வேளையும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென எடுத்துவைக்கும் தாய்மார் உண்டு. தன் வீட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தபின் எடுப்பதன்று அப்பிடி. சமைப்பதற்கு முன்னே எடுப்பது. அதைப் பெறப்போகிறவர் யார், நன்றி சொல்வாரா, ஆலயத்துக்கு வருவாரா என்று அத்தாய் கேட்பதில்லை. ஆயர்களாகிய நாமும் ஆயராகப் பயிலும் மாணவர்களும் சபையின் தருமக் கணக்கை எழுத அமரும்போது, அத்தாயினிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே.