லியோன் கொடுக்காத அறை

1894 ஜூன் 24. பிரான்சின் லியோன் நகரத்துப் பொருட்காட்சிக்கு வந்திருந்த குடியரசுத் தலைவர் ஸாதி கர்னோவை, கசேரியோ என்ற இத்தாலிய இளைஞன் கத்தியால் குத்திவிட்டான். (எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இந்தப் பாடம் வந்த அன்று ‘ஸாதி’ என்ற பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. பாரசீகக் கவிஞர் ஸாதியின் நினைவாக அந்தக் குடும்பத்துக்குள் வந்த பெயர் அது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.) கல்லீரலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டிருந்தது. ஊரின் பெரிய டாக்டர்கள் கூடி நின்றும், நள்ளிரவு தாண்டியதும் உயிர் போய்விட்டது. அறுந்த குழாயைத் தைத்து மறுபடியும் இரத்தம் ஓடவைக்க அன்று நம்பகமான வழி இல்லை.

அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்ஸி கரேலுக்கு அப்போது 21 வயது நிறைய நான்கு நாள் இருந்தது. துணியைத் தைக்கிறோமே, குழாயை ஏன் தைக்க முடியாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். கரேலின் குடும்பமும் ஜவுளித் தொழில் செய்தது. லெருதியே என்ற தையல்கார அம்மாளிடம் போய் நுண்ணிய ஊசி வேலை கற்றுக்கொண்டார். டாக்டருக்குப் படித்தவர் எம்பிராய்டரி பழகப் போனார் என்றால் சக மாணவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நாமே ஊகிக்கலாம்.

அவர் கண்ட வழி எளிமையானது. குழாயின் வாய் வட்டமாக இருப்பதால் தைக்கும்போது ஊசி எதிர்ப்பக்கத்துச் சுவரையும் பிடித்துவிடும். கரேல் விளிம்பில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்தார். வட்டம் முக்கோணமாகிவிடும். ஒவ்வொரு பக்கமும் நேர்கோடு, துணியின் ஓரம் மாதிரி தைத்துக்கொண்டே போகலாம். இரத்தம் உறையாமலிருக்க நூலில் வாசலின் தடவினார். 1902இல் இதை ஒரு லியோன் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இனி ஊர் என்ன செய்தது என்று பாருங்கள். அங்கே மருத்துவமனையில் சர்ஜனாக வேண்டுமென்றால் ‘கொங்கூர்’ என்ற போட்டித் தேர்வில் ஜெயிக்க வேண்டும். கரேல் அதில் தேறவில்லை. அதே 1902இல் லூர்து யாத்திரையில் ஒரு நோயாளிப் பெண் குணமானதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னதும் சேர்ந்துகொண்டது. டாக்டர்கள் அவரைப் பக்தர் என்றார்கள், பக்தர்கள் அவரைச் சந்தேகி என்றார்கள். கொங்கூரைக் குறை சொல்லவில்லை. நானும் பரீட்சை எழுதித்தான் குமாஸ்தா உத்தியோகத்துக்கு வந்தவன். ஆனால் தெரிந்ததைத் திருப்பிச் சொல்பவனைத்தான் பரீட்சை கண்டுபிடிக்கும். இதுவரை யாருக்கும் தெரியாததைத் தேடுகிறவனுக்கு அதில் மார்க் போட இடமில்லை.

1904இல் கரேல் கப்பலேறி கனடா போனார். அங்கே மாடு வளர்த்துப் பிழைக்கலாமா என்றுகூட யோசித்ததாகச் சொல்வார்கள். நல்லவேளை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே சார்ல்ஸ் கத்ரி என்பவரோடு சேர்ந்து நாய்களில் இரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் மாற்றிவைத்துப் பார்த்தார். (கத்ரிக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.) 1906இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் சைமன் பிளெக்ஸ்னர் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அறுவை மருத்துவருக்கு வருமானம் கத்தியிலிருந்து வருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த வருமானம் போச்சு. அதோடு, வார்டில் நோயாளி கூப்பிட்டால் ஆராய்ச்சியை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். பிளெக்ஸ்னர் கொடுத்தது மாதச் சம்பளம், அறுவை அறை, உதவியாட்கள், பரிசோதனை விலங்குகள். வகுப்பு எடுக்க வேண்டாம், நோயாளி பார்க்க வேண்டாம். வெளிச்சம் கண்ணில் அடிக்காமலிருக்கக் கரேல் கறுப்பு அங்கி கேட்டார், அதுவும் கிடைத்தது.

நோயாளி வேண்டாம் என்றாலும் நோயாளி தேடி வந்ததும் உண்டு. 1908இல் ஒரு நியூயார்க் டாக்டரின் பச்சைக் குழந்தைக்கு இரத்தக் கசிவு நிற்கவில்லை. கரேலைக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் மருத்துவம் பார்க்க அவரிடம் லைசென்ஸ்கூட இல்லை. அப்பாவின் கை நாடியைக் குழந்தையின் காலில் உள்ள மெல்லிய சிரையோடு சேர்த்துத் தைத்தார். வெளுத்துக் கிடந்த குழந்தை சிவந்தது, பிழைத்தது. நாய்களில் தைத்துத் தைத்துப் பழகியிராவிட்டால் அந்தக் கை அன்று நின்றிருக்குமா?

1912இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வயது 39. ஒரே விலங்கிலிருந்து எடுத்து அதற்கே திரும்ப வைத்த சிறுநீரகம் வேலை செய்கிறது, வேறு விலங்கினுடையது சில நாளில் கெட்டுவிடுகிறது என்பதையும் அவர் கவனித்து எழுதிவைத்தார். தையலில் குறையில்லை, உடம்புதான் அந்நியத்தை ஏற்கவில்லை. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து வெற்றி கண்டபோது இந்த முடிச்சின் ஒரு நுனி அவிழ்ந்தது. மர்ரேயும் சர்ஜன்தான், அவருக்கும் 1990இல் நோபல்.

கரேலின் பின்வாழ்க்கையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1935இல் எழுதிய புத்தகத்தில், கொடிய குற்றவாளிகளை வாயு வைத்துக் கொல்லலாம் என்று எழுதினார். பெத்தேன் ஆட்சி 1941இல் அவருக்கென்றே ஒரு பெரிய நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. பிளெக்ஸ்னர் கொடுத்தது போலவே இதுவும் அறையும் பணமும்தான். 1944 நவம்பரில், விசாரணைகளுக்கு நடுவே, பாரிஸில் இறந்தார்.

ஒரு காலத்தில் பரீட்சையில் தள்ளிவிட்ட லியோன், பிற்பாடு தன் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தது. 1996இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக்கின் பெயரை வைத்தார்கள்.