குண்டு விழுந்த மைதானம்

மன்செஸ்டர் யுனைடெட் 1878 இல் ரயில்வேத் தொழிலாளர் தொடங்கின கழகம். நியூட்டன் ஹீத் என்பதுதான் முதல் பெயர். 1902 இல் கடனில் மூழ்கி, புதுப் பெயரோட எழும்பியது. கிண்ணக் கணக்கெல்லாம் எங்கட பெடியளுக்கு மனப்பாடம், அதை விடுவம்.

வன்னியில இருந்து வாசிக்கிற எங்களை நிறுத்தினது 1941 மார்ச் 11. அன்றிரவு ஜேர்மன் குண்டுவீச்சில் ஓல்ட் ட்ரபோர்ட்டின் பிரதான பார்வையாளர் அரங்கு அழிந்தது. போர் முடிந்தும் மைதானமில்லை; பரம எதிரியான சிட்டியின் மெயின் ரோட்டில் வாடகைக்கு விளையாடினார்கள். அப்படி இருந்துகொண்டே 1948 இல் பிளக்பூலை 4-2 என வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கினார்கள்!

மீளக்கட்ட 17,478 பவுண் கொடுத்தது அரசின் போர்ச்சேத ஆணைக்குழு. 2009 க்குப் பிறகு திரும்பிவந்து, பங்கர் மூடிக் கோல் கம்பம் நட்ட எங்கட ஊர்க் கழகங்கள் இந்த வரியில கொஞ்சம் நிற்கும். அவர்கள் 1949 ஓகஸ்டில் வீடு திரும்பினார்கள், கூரையில்லாத அரங்குக்கு.