ஃபெட்டா யாருடைய பெயர்?

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தோழியின் ஃபிளாட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கிரேக்கச் சமையல் ஒன்று செய்து பார்த்தோம். ஸ்பனகோபிட்டா. கீரையையும் ஃபெட்டா சீஸையும் மெல்லிய மா விரிப்புகளுக்கு நடுவில் வைத்து அவனில் சுடுவது. சந்தையில் வாங்கின முளைக்கீரை, வெங்காயம், முட்டை, கடையில் வாங்கின பேஸ்ட்ரி விரிப்பு எல்லாம் மேசையில் ரெடி. சீஸ் பெட்டியின் முன்பக்கத்தில் வெள்ளைச் சுவர், நீலக் கடல். பின்பக்கத்தை வாசித்த ஒருத்தி மட்டும், "இது மாட்டுப்பால்டி" என்றாள்.

அதில் என்ன பிழை என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. பால் தானே! ஆனால் தேடி வாசிக்கத் தொடங்கினதும், கதை கிரேக்க மலையில் இருந்து கொட்டாஞ்சேனை வழியாக எங்கட தேத்தண்ணிக் கோப்பை வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஃபெட்டா செம்மறியாட்டுப் பாலில் செய்வது. குறைந்தது 70 வீதம் செம்மறிப்பால் இருக்க வேண்டும், மிச்சம் 30 வீதம் வரை வெள்ளாட்டுப்பால் சேர்க்கலாம். பாலை உறைய வைத்து, நீர் வடித்து, துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் குறைந்தது இரண்டு மாதம் ஊற விடுவார்கள். பெயரே இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது, 'துண்டு' என்றுதான் அர்த்தம். ஆடு தீனியில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறப் பொருளை உடம்பிலேயே விற்றமின் ஏ ஆக மாற்றிவிடும். அதனால் பால் தூய வெள்ளை. பசு அப்படி முழுதாக மாற்றாது, அதனால் பசுப்பால் சீஸில் ஒரு மஞ்சள் சாயல் இருக்கும். எருமையும் ஆடு மாதிரித்தான். சட்டியில் வாற எருமைத் தயிரையும் மாட்டுத் தயிரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஃபெட்டாவில் புளிப்புக் கூட. அதனால் சூடாக்கினாலும் பீட்சா சீஸ் மாதிரி நூல் நூலாக இழுபடாது, மெதுமெதுவென்று உதிரும். உப்பும் கூட, எனவே சமைக்க முதல் கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுப்பது நல்லது. கீரைக்கு வேறாக உப்புப் போடத் தேவையில்லை. நாங்கள் போட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தோம்.

இனிப் பெயரின் கதை. 1960களுக்குப் பிறகு டென்மார்க்கிலும் பின்னர் ஜேர்மனி போன்ற நாடுகளிலும் பசுப்பாலில் இதே மாதிரி வெள்ளைச் சீஸைப் பெரிய அளவில் செய்து 'ஃபெட்டா' என்று விற்கத் தொடங்கினார்கள். பசுப்பால் மலிவு. மலையில் ஆடு மேய்க்கிறவரால் அந்த விலைக்குப் போட்டி போட முடியாது. ஃபெட்டா என்பது தங்கள் மண்ணின் பெயர் என்று கிரேக்கம் வழக்காடியது. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் பெயரைப் பதிந்தது. 1999இல் நீதிமன்றம் அந்தப் பதிவை நீக்கியது. 2002இல் திரும்பப் பதிந்தார்கள். டென்மார்க்கும் ஜேர்மனியும் எதிர்த்துப் போய் 2005இல் தோற்றன.

அந்த வழக்கில் எங்களுக்குப் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. ஃபெட்டா ஒரு பொதுப்பெயர், யாரும் பாவிக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஆனால் கிரேக்கத்துக்கு வெளியே செய்த சீஸ்கூட கிரேக்கத்தை ஞாபகப்படுத்தும் படங்களோடும் வார்த்தைகளோடும்தான் விற்கப்பட்டது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பொதுப்பெயர் என்றால் கிரேக்கம் எதற்குப் பெட்டியில்? எங்கட பெட்டியின் நீலக் கடலை நாங்கள் அப்போதுதான் இன்னொரு தரம் பார்த்தோம்.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஒன்றியத்துக்குள் விற்பதற்கு. வெளிநாட்டுக்கு அனுப்புகிற சீஸில் டென்மார்க் நிறுவனங்கள் பழைய பெயரையே போட்டுக்கொண்டிருந்தன. அதுவும் சட்டமீறல்தான், டென்மார்க் அதைத் தடுத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன திகதி 2022 ஜூலை 14. அந்தத் திகதி எங்களுக்கு வேறு காரணத்துக்காக ஞாபகம். கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரில் இருந்து பதவி விலகல் கடிதத்தை ஈமெயிலில் அனுப்பினது அன்றைக்குத்தான். பால்மாவே கிடைக்காமல் அலைந்த நாட்களில் ஃபெட்டா தீர்ப்பை இங்கே யார் கவனித்திருப்பார்கள்!

சீஸின் பெயர் கொழும்புக்குப் புதிதில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அவர்கள் விட்டுப்போனதில் சாப்பாடும் உண்டு. பறங்கியர் வீடுகளில் நத்தார் காலையில் புரூடர் என்ற கேக் மாதிரியான இனிப்புப் பாணும், சிவப்பு மெழுகு போர்த்த உருண்டை எடாம் சீஸும் மேசைக்கு வரும். எடாம் என்பது ஒல்லாந்தில் ஒரு ஊர். இறுக்கமான சீஸ் என்பதால் மாதக்கணக்கான கப்பல் பயணத்தையும் தாங்கியது. ஆனால் காலப்போக்கில் எந்த நாட்டிலும் எடாம் செய்யலாம் என்றாகிவிட்டது. 2010இல் பதிய முடிந்தது 'எடாம் ஹொலண்ட்' என்ற நீட்டுப் பெயரை மட்டும்தான். ஃபெட்டா தப்பியது, எடாம் தப்பவில்லை.

ஒல்லாந்தர் எடாம் சாப்பிடவா கொழும்புக்கு வந்தார்கள்? கறுவாவுக்காக வந்தார்கள். காட்டில் கறுவா உரிக்கும் வேலை போர்த்துக்கேயர் காலத்திலேயே சலாகம சாதியினர் மேல் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் அதைத் தொடர்ந்தார்கள். 1769இல் மருதானையில் கறுவாவைத் தோட்டமாகவே நட்டார்கள். கொழும்பு 7ஐ நாங்கள் இன்றும் கறுவாத்தோட்டம் என்கிறோம், இப்போது அங்கே இருப்பது பங்களாக்களும் தூதரகங்களும். உலகச் சந்தையிலோ கசியா என்ற வேறு மரத்தின் தடித்த பட்டையும் 'கறுவா' என்ற பெயரில்தான் போகிறது. ஃபெட்டாவுக்கு நடந்தது எங்களுக்கும் நடந்தது. கடைசியில் 2022 பெப்ரவரியில் 'சிலோன் சினமன்' ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. இலங்கைக்கு அப்படிக் கிடைத்த முதல் பெயர் அதுதான்.

இதை வாசித்தபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பை சுட்டு முடிந்து, பிளேன்ரீ ஊற்றினோம். ரீ பக்கற்றில் வாளேந்திய சிங்கம். இலங்கையிலேயே விளைந்து இலங்கையிலேயே பொதி செய்த தேயிலைக்கு மட்டும் தேயிலைச் சபை கொடுக்கிற அடையாளம் அது. பக்கத்தில் 'சிலோன் ரீ'.

இந்த நாட்டில் தேயிலை பெருந்தோட்டப் பயிரானது 1867இல். அதைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்து வந்த எங்கட மலையக மக்கள். 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை போனது. யோசித்துப் பாருங்கள், அந்த ஐம்பத்தைந்து வருசமும் அவர்கள் பறித்த இலை 'சிலோன்' என்ற பெயரோடுதான் கப்பல் ஏறியது. இலைக்கு நாடு இருந்தது, பறித்த கைக்கு இல்லை. நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று அவர்கள் வருடக்கணக்காகப் போராடி, அது வர்த்தமானியில் வந்தது 2021இல். அடுத்த வருசமே விலைவாசி அந்த ஆயிரத்தை விழுங்கிவிட்டது.

பெயரைப் பாதுகாக்கிற சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கசியாவைக் கறுவா என்று விற்பது ஏமாற்றுத்தான், பசுப்பாலை ஃபெட்டா என்று விற்பதும் அப்படித்தான். ஆனால் பெயரைக் காப்பது வேறு, கூலியைக் காப்பது வேறு. முதலாவதுக்கு வாதாட அரசாங்கங்கள் வரும், வழக்கறிஞர்கள் வருவார்கள். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் அந்த மக்கள் தாங்களேதான் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது.

பை நன்றாக வந்தது, கொஞ்சம் உப்புக் கூட. தோழியின் சமையல் கொப்பியில் 'ஃபெட்டா' என்று எழுதியிருந்ததை வெட்டி, 'உப்புத் தண்ணிச் சீஸ், மாட்டுப்பால்' என்று மாற்றினோம். அதே மாதிரி ரீ பக்கற்றில் எதையாவது சேர்த்து எழுத எங்களுக்கு இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதினோம்.