வேம்பின் நுனிக்கருகல்

வேப்பமரத்தின் இளந்தளிர்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து, மரமே தீயில் வாட்டியதுபோல் பழுப்பேறி நிற்பது நுனிக்கருகல். தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா மாநிலங்களில் வாசலிலும் கொல்லையிலும் நிழல்தரும் வேம்புகளை, பெரும்பாலும் மழைக்காலம் முடிந்து தளிர் விடும்போது, இது தாக்குகிறது.

முதற்காரணம் தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, உண்மையில் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முந்திரி, கொய்யா, முருங்கை ஆகியவற்றிலும் வரும். ஒரு சென்டிமீட்டர்கூட இராத ஒல்லி உடம்பு. முதுகில் குண்டூசியைக் குத்தி நிறுத்தினாற்போல் ஒரு முள். அது குத்திய இடம் முதலில் நீர் கோத்தது போலிருக்கும், பிறகு கறுக்கும், சிலசமயம் பிசின் கசியும். முட்டையைத் தளிர்த்தண்டுக்குள் செருகிவிடும். வெளியே தெரிவது மயிரிழை போன்ற இரு நுனிகள் மட்டுமே. இரண்டாவது காரணம் ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை. 1997இல்தான் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. பூச்சி போட்ட புண் பூஞ்சைக்கு வாசலாகிறது.

மருந்தைத் தேடுமுன் மரத்தை அருகில் சென்று பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்ப்பது இயல்பு: இலை மஞ்சளாகிக் கீழே விழும், குச்சி வளையும். கருகலில் இலை பழுப்பாகிக் குச்சியிலேயே தொங்கும். குச்சி படக்கென்று ஒடியும். பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. இதைப் பாராமல் பட்டுப்போனதென்று மரத்தை வெட்டிவிடுவதுதான் பெரிய இழப்பு. நன்கு வேரூன்றிய மரங்கள் பெரும்பாலும் அடுத்த தளிரில் தேறிவிடுகின்றன.

சிறு மரமாயின், காய்ந்த பகுதிக்குக் கீழே பச்சைக் கட்டையோடு சேர்த்துக் கவாத்து செய்து, வெட்டியதை எரித்துவிட வேண்டும். தாக்குதல் கடுமையானால் வேளாண் துறையினரிடம் கேட்டு, பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் தெளிக்கலாம். ஓங்கி வளர்ந்த மரத்துக்கு வீட்டுக் கைத்தெளிப்பான் எட்டாது; மருந்து கிணற்றிலும் மாட்டுத்தொட்டியிலும்தான் விழும். தெளித்த மரத்தின் கொழுந்தையும் பச்சடிக்கான பூவையும் பறிக்கக் கூடாது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் கூடாது.

மரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் கலைக்க வேண்டாம். கடித்தால் சுரீரென்று வலிக்கும் என்பது உண்மை. ஆனால் முந்திரித் தோப்புகளில் தேயிலைக் கொசுவை விரட்டுவது இந்த எறும்புதான்.