செய்தித்தாள் எழுதாத வன்னி

இலங்கைத் தமிழ் நாவலின் வரலாற்றில் செய்தித்தாளுக்குப் பெரும் பங்குண்டு. இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ தினகரனில் தொடராக வந்ததும், 1970களில் வீரகேசரிப் பிரசுரம் ஈழத்து நாவல்களை நூல்களாக்கிப் பரப்பியதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் அவ்வாறு வெளிவந்ததே. தண்ணிமுறிப்பின் குளத்தையும் காட்டையும் அங்கு வாழ்ந்த எளிய மனிதரையும் அதன் வழியாகவே அறிந்துகொண்ட கொழும்பு வாசகர் பலர்.

அதே வன்னி 2008 செப்டெம்பருக்குப் பின்னர் செய்தித்தாளுக்கு முற்றாக மூடப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் வெளியேறுமாறு அரசு பணித்தது. சுயாதீன ஊடகவியலாளர் எவரும் போர்முனைக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. இராணுவத்தின் அறிக்கை ஒருபுறம், புலிகள் தரப்பு அறிக்கை மறுபுறம். நடுவில் அகப்பட்ட மக்கள் எங்கள் பக்கங்களில் வெறும் எண்ணிக்கைகளாகவே இடம்பெற்றனர். அந்த எண்ணிக்கைகளுக்கும் ‘எனத் தெரிவிக்கப்படுகிறது’ என்ற வால் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

2009 மே மாதத்துக்குப் பின்னர் அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் நாவலாசிரியர்களே. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ 2013இல் வந்தது. அடுத்த ஆண்டு, போராளிகளின் காட்டுப் பயிற்சி முகாம் வாழ்வைச் சொல்லும் குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’. 2015இல் சயந்தனின் ‘ஆதிரை’. மூன்றும் தமிழகத்துப் பதிப்பகங்களின் வெளியீடுகள். ஈழத்து நாவலின் அச்சகம் கொழும்பிலிருந்து சென்னைக்கு இடம்பெயர்ந்த கதை தனியே எழுதப்பட வேண்டியது.

‘ஊழிக்காலம்’ உள்ளே இருந்தவரின் எழுத்து. கூடாரம் அடிப்பதும், பதுங்குகுழி வெட்டுவதும், அடுப்பு மூட்டுவதும், மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு நடப்பதுமாக அது ஓடுகிறது. சில இடங்களில் நாவல் நாட்குறிப்பாகி விடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருப்பவருக்கு நின்று பார்க்க அவகாசம் ஏது?

நின்று பார்த்தவர் வேறொருவர். 1988இல் கொழும்பில் பிறந்த அனுக் அருட்பிரகாசம், முள்ளிவாய்க்காலைக் கண்ணால் காணாதவர், ஆங்கிலத்தில் எழுதுபவர். 2016இல் வெளிவந்த அவரது முதல் நாவலான ‘தி ஸ்டோரி ஆஃப் எ பிரீஃப் மேரேஜ்’, போரின் கடைசிக் காலத்தில் ஓர் இளைஞனுடைய ஏறத்தாழ ஒரே நாளின் கதை. குளிப்பதும் தலைமயிர் வெட்டுவதும் பக்கம் பக்கமாக நீள்கின்றன. இது நிறைவாக உண்டு வளர்ந்தவரின் நிதானம் என்று குறைகூறுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எண்ணிக்கையில் ஒன்றாக மறைந்துபோன உடலுக்கு அந்த நிதானம் அதன் தனிமையை மீட்டுக் கொடுக்கிறது.

எனினும் நம் வாசகர் பலர் இந்நாவல்களை நாவலாக வாசிப்பதில்லை. புலிகளைச் சாடியிருக்கிறாரா, போற்றியிருக்கிறாரா என்று தேடி, தீர்ப்பை எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்த வழக்காடல் சற்று அதிகம். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தபோதும் அதை இலக்கியமா பிரசாரமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சாதியின் கொடுமையை அனுபவித்து எழுதியவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

இந்த வழக்காடலில் அதிகம் தவறவிடப்படுவது ‘ஆதிரை’ என்பேன். 1977 வன்செயலில் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. செய்தித்தாளில் அவர்கள் 1977இல் ஒரு செய்தி. 2009இல் வேறொரு செய்தி. இரண்டும் ஒரே குடும்பங்களின் கதை என்று எந்தச் செய்தி ஆசிரியரும் தலைப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. சயந்தன் அவர்களை வன்னிக் கிராமத்தின் நடுவில் வைத்து, காணி உறுதி இல்லாமலும், ஊராரின் ஏளனத்தோடும், பின்னர் அதே ஊராரின் பிள்ளைகளோடு ஒரே பதுங்குகுழியிலும் வாழவைத்து, முள்ளிவாய்க்கால் வரை நடத்திச் செல்கிறார்.