இராமலிங்க விலாச ஓவியங்களில் சேது நாட்டின் நிலமும் கடலும்

இராமலிங்க விலாசம் என்பது இராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் உள்ள, சேதுபதி மன்னர்களின் கொலுமண்டபம் ஆகும். இதன் சுவர்கள், தூண்கள், வளைவுகள், விதானங்கள் எங்கும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் உள்ளன. தமிழகத்துச் சுவரோவியங்களில் பெரும்பாலானவை கோயில்களில் காணப்படுபவை. ஓர் அரண்மனையின் உள்ளே, அரசரின் வாழ்க்கையையும் போரையும் அரசியலையும் இவ்வளவு விரிவாகக் காட்டும் ஓவியத் தொகுதி தமிழகத்தில் அரிது.

இன்று இராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது வறட்சியைத்தான். அரசு ஊழியரை மிரட்டுவதற்கு "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று சொல்லும் வழக்கம்கூட இந்த ஊரை மனத்தில் வைத்து எழுந்ததே. அந்த "காட்டில்" வாழ்ந்த ஓவியர்கள் தம் மண்ணை எப்படிப் பார்த்தார்கள், எப்படி வரைந்தார்கள் என்பதை அறிய இராமலிங்க விலாசமே நமக்குள்ள முதன்மைச் சான்று.

சேது நாடும் அதன் நிலமும்

இராமநாதபுரம் கடற்கரைக்கு இரண்டு கடல்கள் உண்டு. வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே பாம்பன் தீவு கிழக்கு நோக்கி நீண்டு தனுஷ்கோடியில் முடிகிறது. அங்கிருந்து மன்னார்த் தீவு வரை நீளும் மணல் திட்டுகளே சேது அல்லது இராமர் பாலம் எனப்படுகின்றன. அந்தச் சேதுவுக்குக் காவலர் என்பதே "சேதுபதி" என்ற பட்டத்தின் பொருள்.

உள்நாட்டில் நிலம் சமதளமானது. பனை, உடை மரங்கள், மணல்மேடுகள், மழைநீரைத் தேக்கும் கண்மாய்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். வைகை ஆறு வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பிவிட்டு, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்தடைகிறது. பயிர் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழை பொய்த்த ஆண்டுகளில் கைகொடுத்தது கடல். முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, மீன்பிடிப்பு, துறைமுக வரி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் போக்குவரத்து ஆகியவை சேதுபதிகளின் வலிமைக்கு அடிப்படையாக இருந்தன.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்களின் ஆதரவுடன் சேதுபதிகளின் ஆட்சி நிலைபெற்றது. அப்போது தலைநகர் போகலூர். 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றினார். கோட்டையையும் அரண்மனையையும் கட்டினார். இப்பணியில் கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதி துணை நின்றார் என்பது மரபு. அவருக்குப் பின் வந்த முத்து விசய ரகுநாத சேதுபதியின் காலத்தில் (1713–1725) இராமலிங்க விலாசத்தின் ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஓவியங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் அரசர் இவரே.

மண்டபமும் ஓவியங்களும்

உயர்ந்த மேடை மீது அமைந்துள்ள இக்கட்டடம், கோயிலைப் போல மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை போன்ற உள்ளறை என மூன்று பகுதிகளாக உள்ளது. உள்ளறையில் உள்ள "இராமர் பீடம்" என்ற கல்லில் அமர்த்தியே சேதுபதிகளுக்கு முடிசூட்டினர். படியேறிச் சென்றால் அரசரின் தனி அறைகளான மாடிப் பகுதி உள்ளது.

ஓவியங்களைப் பொருள் அடிப்படையில் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அரசியல் காட்சிகள். தஞ்சை மராத்திய மன்னர் முதலாம் சரபோஜியின் (1712–1728) படையுடன் சேதுபதியின் படை மோதும் போர்க்காட்சி இவற்றில் புகழ்பெற்றது. ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திக்கும் காட்சியும் உள்ளது. மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர், சேதுபதிக்கு இரத்தினங்களால் அபிடேகம் செய்து சிறப்பிக்கும் காட்சியும் உண்டு.

இரண்டாவது, சமயக் காட்சிகள். இராமாயணத்தின் பாலகாண்டம், பாகவதக் கதைகள், தெய்வ வடிவங்கள் ஆகியவை இவ்வகையின. சேதுபதிகளின் குலதெய்வமான இராஜராஜேசுவரி அம்மன், அரசரிடம் செங்கோலை அளிப்பதாகவும் ஓர் ஓவியம் உள்ளது.

மூன்றாவது, கொலுவில் வீற்றிருத்தல், இசை கேட்டல், நடனம் காணல் முதலிய அரசவைக் காட்சிகள். நான்காவது, மாடி அறைகளில் உள்ள அந்தப்புர வாழ்க்கைக் காட்சிகள்.

பல காட்சிகளுக்கு அடியில் தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. யார் யாரைச் சந்திக்கிறார், எந்தப் படை யாருடையது என்பதை இன்று நாம் அறிய இக்குறிப்புகள் பெரிதும் உதவுகின்றன.

ஓவியர்களும் அவர்களின் முறையும்

திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைத் தீட்டிய சிங்காதனம் என்ற ஓவியர், தம் பெயரையும் உருவத்தையும் அங்கேயே பதிந்து வைத்துள்ளார். இராமநாதபுரத்து ஓவியர்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அரசரின் பெயர் சுவரில் நிலைத்தது. தூரிகை பிடித்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை. ஆயினும் அவர்களின் கை எந்த மரபில் பழகியது என்பதைச் சுவரைக் கொண்டு அறிய முடியும். அது நாயக்கர் கால ஓவிய மரபு.

இம்மரபில் சுவரின் மீது சுண்ணாம்புச் சாந்து பூசி, மெழுகி, வழவழப்பாக்குவர். அதன்மேல் கோட்டுருவம் வரைந்து வண்ணம் நிரப்புவர். செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக் கரி, சுண்ணாம்பு வெண்மை ஆகியவை அடிப்படை வண்ணங்கள். கதையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரே மனிதரை அடுத்தடுத்த காட்சிகளில் மீண்டும் மீண்டும் வரைவர். பின்னணி பெரும்பாலும் ஒரே நிறப் பரப்பாக இருக்கும். தொலைவில் உள்ளது சிறியது, அருகில் உள்ளது பெரியது என்ற கணக்கு இங்கே கிடையாது. அரசர் பெரியவர், ஏவலர் சிறியவர் என்பதே கணக்கு.

கடல் எங்கே?

இராமநாதபுரத்திலிருந்து கடற்கரை தொலைவில் இல்லை. இந்த அரசர்களின் பட்டமே கடலைக் குறித்தது. அப்படியிருந்தும், இராமலிங்க விலாசத்தில் அடிவானமும் அலையும் மணலும் கொண்ட இயற்கைக் காட்சியாகக் கடலைத் தேடிச் செல்பவர் ஏமாற்றமடைவார். இதைக் கண்டு, அக்கால ஓவியர்களுக்கு இயற்கையில் நாட்டம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நிலத்தைப் பற்றிய தமிழ் மரபை இங்கே நினைவில் கொள்வது உதவும். தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருள் என்கிறது. ஆனால் அந்த நிலம் கருப்பொருள் வழியாகவே, அதாவது தெய்வம், மரம், பறவை, உணவு, தொழில், மக்கள் ஆகியவற்றின் வழியாகவே அறியப்படுகிறது. நெய்தல் என்றால் நீலக் கடல் மட்டும் அன்று; வலை, உப்பு, புன்னை, பரதவர் எல்லாம் சேர்ந்ததே நெய்தல். சுவரோவியத்திலும் நிலம் இப்படியே வருகிறது. ஒரு மரம் வரைந்தால் சோலை. நெளிகோடுகளும் மீனும் வரைந்தால் நீர்நிலை. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் சித்தன்னவாசலில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குள ஓவியத்திலும் அடிவானம் இல்லை. பூவும் இலையும் மீனும் யானையும் பூப்பறிப்போரும் சேர்ந்தே அங்கே குளம் ஆகின்றன.

இந்தக் கண்ணோடு பார்த்தால் இராமலிங்க விலாசத்தில் கடல் தென்படும். அது கொலுவுக்கு வந்து நிற்கும் ஐரோப்பியரின் தொப்பியிலும் உடையிலும் இருக்கிறது. அவர்கள் ஒல்லாந்தர்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகிய மூன்றையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன்பின் இக்கடற்பகுதியின் முத்து, சங்கு வணிகத்துக்குச் சேதுபதிகளோடு அவர்கள் உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகவே ஓவியர் அலையை வரையாமல், அலை கடந்து வந்து அரசர் முன் நின்றவரை வரைந்தார். சேது நாட்டார் கடலை அழகுக் காட்சியாக அல்ல, உரிமையாகவும் பிழைப்பாகவும் கண்டனர் என்பதை இது காட்டுகிறது.

இதற்கு மாறான பார்வை எண்ணெய் வண்ண ஓவியத்தோடு வந்தது. இரவி வர்மா 1906இல் வரைந்த ஓவியம் ஒன்றில், கடலரசன் வழிவிடாததால் சினந்த இராமர், பாறை மீது வில்லேந்தி நிற்கிறார். பொங்கும் அலையும் மேகமும் அடிவானமும் அதில் உண்டு. கதை நடப்பது இதே சேதுக்கரையில்தான். ஆனால் அங்கே கடலே காட்சி. இராமநாதபுரத்தில் கடல் ஒரு நாட்டின் வாழ்வு. இரண்டும் கடலைப் பார்க்கும் இருவேறு முறைகள். ஒன்றை உயர்வு என்றும் மற்றதைத் தாழ்வு என்றும் கொள்ள வேண்டியதில்லை.

சுவர் சொல்வதும் வரலாறு சொல்வதும்

ஓவியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது கவனம் தேவை. சுவரில் தஞ்சைப் படையோடு பொருதும் சேதுபதியின் படை வீறுடன் நிற்கிறது. ஆனால் முத்து விசய ரகுநாதர் 1725இல் மறைந்ததும் வாரிசுப் போட்டி எழுந்தது. 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே தஞ்சையின் படை, போட்டியாளர்களுக்குத் துணையாகச் சேது நாட்டுக்குள் வந்தது. முடிவில் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலம் தஞ்சைக்குச் சென்றது. எஞ்சிய நாடு ஐந்து பங்காக்கப்பட்டு, இரண்டு பங்கு சிவகங்கைச் சீமையாகப் பிரிந்தது. அதாவது வண்ணம் மங்குவதற்கு முன்பே நாடு பிரிந்துவிட்டது.

நாயக்க மன்னர் அபிடேகம் செய்யும் காட்சியும் இத்தகையதே. ஒரு காலத்தில் மதுரைக்கு அடங்கியிருந்த சேதுபதிகள், கிழவன் சேதுபதி காலத்தில் தனித்து நின்றனர். அடுத்த தலைமுறையில் அதே மதுரை மன்னர் கையால் பெற்ற சிறப்பைச் சுவரில் எழுதி வைத்தனர். நடந்ததை அப்படியே பதிவது மட்டும் ஓவியரின் வேலை அன்று. தம் அரசர் எப்படி நினைக்கப்பட விரும்பினார் என்பதைப் பதிவதும்தான். மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம் எதையும் இதே விழிப்போடு படிக்கலாம்.

1772இல் ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கம்பெனியும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றினர். 1795இல் முத்துராமலிங்க சேதுபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1803இல் சேது நாடு ஜமீன்தாரி ஆனது. இத்தனைக்கும் சாட்சியாக நின்ற கொலுமண்டபத்தில் அரசு போயிற்று, ஓவியம் நின்றது.

பாதுகாப்பு

இராமலிங்க விலாசம் இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இங்கு அருங்காட்சியகம் ஒன்றும் இயங்குகிறது. சேதுபதிகள் காலத்துப் போர்க்கருவிகளை அதில் காணலாம். ஓவியங்கள் சில பகுதிகளில் தெளிவாக உள்ளன. சில பகுதிகளில் உதிர்ந்தும் மங்கியும் போயின.

கடலோரக் கட்டடங்களில் சுவரோவியத்துக்குப் பெரும்பகை உப்பு. ஈரத்தோடு சுவருக்குள் புகும் உப்பு, ஈரம் காயும்போது படிகமாகிப் பருக்கிறது. அப்போது மேலே உள்ள சாந்தையும் வண்ணத்தையும் செதில் செதிலாகத் தள்ளிவிடுகிறது. ஓர் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத இச்சேதம் ஒரு தலைமுறையில் ஒரு முகத்தையே அழித்துவிடும். கூரை ஒழுகாமல் காப்பதும், காற்றோட்டம் தருவதும், தேர்ந்த வல்லுநர் அல்லாதார் வண்ணம் தொடாமல் பார்த்துக்கொள்வதும் அடிப்படைத் தேவைகள். மங்கிய ஓவியத்தின் மீது புது வண்ணம் பூசுவது பாதுகாப்பு ஆகாது. அது பழைய ஓவியரின் கோட்டை மறைத்துவிடும்.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

ஓவியங்களைத் தொடக் கூடாது. கைவிரலின் எண்ணெயும் வியர்வையும் வண்ணத்தைக் கெடுக்கும். பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம். அவசரமாகச் சுற்றி வராமல் ஒரு சுவரைத் தேர்ந்து, அதன் பட்டைகளை வரிசையாகப் பார்த்தால் கதை விளங்கும். அடியில் உள்ள தமிழ் எழுத்துகளைப் படிக்க முயல வேண்டும். உடை, தலைப்பாகை, ஆயுதம், இசைக்கருவி, மரம், விலங்கு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் 300 ஆண்டுகளுக்கு முந்திய சேது நாட்டு வாழ்க்கையின் பட்டியல் ஒன்று கையில் கிடைக்கும்.

இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களில் பலர் இராமநாதபுரத்தைக் கடந்தே செல்கின்றனர். அவர்களில் சிறு பகுதியினர் அரை மணி நேரம் இங்கு இறங்கினாலும், மாவட்டத்துப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்து வந்தாலும், இவ்வோவியங்களின் மதிப்பு ஊராருக்கே புலப்படும். ஊரார் மதிக்கும் பொருளைத்தான் அரசும் நீண்ட நாள் காக்கும்.